இதயத்தின் கோட்டை வாசிக்கக் கற்பித்தவர்

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்து வைத்தியசாலைக்கு ஓடியிருப்பீர்கள். அங்கே கைகால்களிலும் நெஞ்சிலும் வயர்களைப் பொருத்தி, சிறு சதுரங்கள் அச்சிட்ட நீண்ட கடதாசியில் வளைகோடு ஒன்றை எடுத்திருப்பார்கள். ஈ.சீ.ஜீ. எனப்படும் அக்கடதாசியை வைத்தியர் பார்த்து முடிக்கும்வரை நம் கண்கள் அவர் முகத்தை விட்டு அகலுவதில்லை. அந்தக் கோட்டை வாசிக்க உலகுக்குக் கற்பித்தவரின் வாழ்வை இவ்வாரம் அறிந்துகொள்வோம்.

வில்லெம் ஐந்தோவன் 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, அந்நாளில் ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த யாவாத் தீவின் செமராங் நகரிற் பிறந்தார். தந்தை ஒரு வைத்தியர். மகனுக்கு ஆறு வயதாயிருக்கையில் அவர் இறந்துபோனார். ஆறு பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய், 1870இல் ஒல்லாந்துக்குத் திரும்பி உட்ரெக்ட் நகரிற் குடியேறினார். தந்தையைப் போல் வைத்தியராக வேண்டுமென்றே வில்லெம் படித்தார். ஆனால் 1885இல் கலாநிதிப் பட்டம் பெற்றதும், லெய்டன் பல்கலைக்கழகத்தின் உடற்றொழிலியற் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. மரணம்வரை அங்கேயே பணியாற்றினார்.

இதயம் எவ்வாறு துடிக்கிறது? வலப்புற மேலறையின் சுவரிலுள்ள சிறு கணுவில் நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. அது மேலறைகள் இரண்டிலும் பரவ, அவை சுருங்குகின்றன. பின் நடுவிற் சற்றுத் தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்க, அவை சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. இம்மின்சாரத்தின் சாயல் தோல்வரை வந்து சேர்கிறது. 1887இல் லண்டனில் ஒகஸ்டஸ் வாலர் என்பவர் அதை மனித உடலின் மேற்பரப்பிலிருந்து முதன்முதலிற் பதிவு செய்தார். ஆனால் அவரது கருவி மந்தமாக அசைந்ததால் கோடு திரிந்து விழுந்தது. வைத்தியசாலைகளில் இது பெரிதாகப் பயன்படும் என்று வாலரே எதிர்பார்க்கவில்லை.

ஐந்தோவன் மனந்தளரவில்லை. திரிந்த கோட்டைக் கணிதத்தாற் சீராக்கி, 1895இல் அதன் மேடு பள்ளங்களுக்கு பீ, கியூ, ஆர், எஸ், ரீ என எழுத்துக்களால் பெயரிட்டார். பின்னர் தாமே ஒரு கருவி செய்தார். வலிய மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே, வெள்ளி பூசிய மிக மெல்லிய படிக இழையை நிறுத்தினார். இதயத்தின் மின்சாரம் அதனூடு செல்ல இழை அசைந்தது. அதன் நிழல் ஒளிப்படத்திற் பதிந்தது. அக்கருவியின் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி உப்புநீர்ச் சாடிகளிற் கைகளையும் ஒரு காலையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும்.

இத்தகைய பாரத்தை நோயாளியிடம் கொண்டுபோவது எப்படி? 1905இல் ஐந்தோவன், ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திலிருந்த வைத்தியசாலையையும் தம் ஆய்வுகூடத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். நோயாளி அங்கிருக்க, இதயத்தின் கோடு இங்கே விழுந்தது!

அக்கோட்டில் முதலில் வரும் சிறு மேடு பீ. அது மேலறைகளின் வேலை. கியூ, ஆர், எஸ் மூன்றும் சேர்ந்து எழும் கூர்முனை கீழறைகளின் வேலை. இறுதியில் வரும் ரீ, கீழறைகள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாவதைக் காட்டுகிறது. வளர்ந்தவர் ஓய்வாயிருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழமை. காய்ச்சலில் அது கூடும். நன்கு பயின்ற ஓட்டவீரருக்குக் குறையும். பீ மேடுகள் மறைந்து, கூர்முனைகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்தால், மேலறைகள் சீராய்ச் சுருங்காமல் நடுங்குகின்றன என்று பொருள். ஒன்றை மறவாதீர்கள்: ஒருமுறை எடுத்த கோடு சரியாயிருந்தாலும் நோயில்லை என்று முடிவாகிவிடாது. நெஞ்சு நோவு தொடர்ந்தால் தாமதமின்றி மீண்டும் வைத்தியரிடம் போகவேண்டும்.

1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமது கருவியை நோயாளிகளின் படுக்கையருகே பயன்படுத்தி அதன் பெறுமதியைக் காட்டிய லண்டன் வைத்தியர் தோமஸ் லூயிஸின் பங்கை அவர் மனமாரப் போற்றினார். அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லப்படுகிறது. கருவியை உருவாக்க ஆண்டாண்டாய் உடனுழைத்த தொழில்வினைஞரை அவர் தேடினாராம். அவர் இறந்துவிட்டார், சகோதரிகள் இருவர் வறுமையில் வாழ்கிறார்கள் என்று அறிந்ததும், பரிசுப் பணத்திற் பாதியை அவர்களுக்குக் கொடுத்தாராம்.

1927 செப்டெம்பர் இறுதியில், தமது 67ஆவது வயதில், நீண்டநாள் நோயின் பின் ஐந்தோவன் காலமானார். அன்று ஓர் அறையை நிரப்பிய கருவி இன்று கையிற் கொண்டுசெல்லும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. அவர் இட்ட ஐந்து எழுத்துக்களோ மாறவில்லை. அடுத்த முறை அக்கடதாசி உங்கள் கையில் வரும்போது, பேராசிரியரோடு அந்தத் தொழிலாளியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.