இல்லாத கையின் வலி: மிட்செல் வைத்தியர் சரிதம்

மதுரை மாட்டுத்தாவணியில் மாடு விற்பாரும் கொள்வாரும் கூடிய காலம் போய், அங்கே பேருந்து நிலையம் வந்துவிட்டது. நாமோ அவ்விடத்தைப் பழம்பெயராலேயே அழைக்கின்றோம். இழந்த அங்கத்தையும் மூளை இவ்வாறே எளிதில் மறப்பதில்லை. இதனை ஆராய்ந்த சைலஸ் வீர் மிட்செல் என்னும் வைத்தியர் 1829-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் பிறந்தார்.

1861-இல் மூண்ட உள்நாட்டு யுத்தத்திலே கைகால் இழந்த போர்வீரர் பலரை அவர் அந்நகர் ஆஸ்பத்திரியிற் பேணினார். இல்லாத விரல்கள் இறுக மடங்கி, நகங்கள் உள்ளங்கையிற் பதிந்து நோவதாக அவர்களிற் சிலர் முறையிட்டனர். பித்தர் பேச்சென்று தள்ளாது மிட்செல் செவிசாய்த்தார். அவரது பெருமை இதுவே என்போம். கைகால் நான்கையும் இழந்த ஒருவன் கூறுவதுபோல் அவர் வரைந்த கதை 1866-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதனை மெய்யென நம்பிப் பொருள் அனுப்பினாரும் உளர்! 1871-இல் இந்நோய்க்கு ஆவியுறுப்பு எனப் பொருள்படும் பெயரை இட்டார். 1914-இல் காலமானார்.

வெட்டுண்ட நரம்பையே அவர் பெரிதும் நோக்கினார். கைக்குரிய மூளைப் பகுதியை முகத்தின் உணர்ச்சி கைக்கொள்வதுண்டு என்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1990-களில் விளக்கினார். எஞ்சிய கையைக் கண்ணாடியிற் காட்டி, இழந்த கையே அசைவதாகத் தோன்றச் செய்தபோது, இறுகிக் கிடந்த அவ்விரல்கள் சிலருக்கு விரிந்தன.