பட்டணம் விட்டுப் பல்லாவரம்: மறைமலையடிகள் வாழ்வு

மாநகரின் நெரிசலை விட்டு அகன்று, தொடர்வண்டி செல்லும் தொலைவில் வீடமைத்து வாழ்தல் இன்று வசதி படைத்தோரின் வழக்கமாகிவிட்டது. காலையில் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் மின்வண்டி ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குவோரும், மாலையில் அவ்வழியே மீள்வோரும் எண்ணற்றோர். வடசென்னையின் துறைமுகப் பகுதியிலும் ஆலைப் பகுதியிலும் பிறந்து வளர்ந்து, கையில் சிறிது பொருள் சேர்ந்ததும் தெற்கு நோக்கிக் குடிபெயர்ந்த குடும்பங்களும் பல. அவ்வழியில் 1911ஆம் ஆண்டிலேயே சென்ற தமிழறிஞர் ஒருவர் உண்டு. அவர் பொருள் சேர்ந்தபின் செல்லவில்லை. மாதச் சம்பளம் நின்றபின் சென்றார். அவரே மறைமலையடிகள்.

நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில், சொக்கநாதப் பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகனாக 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் அடிகள் பிறந்தார். திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் வேதாசலம் என்று பெயரிட்டனர். நாகையில் வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்ற இளைஞருக்குத் தந்தையின் மறைவால் பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றது. ஆயினும் தமிழ்க் கல்வி நிற்கவில்லை. நாகையில் புத்தகக் கடை நடத்திவந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார். சோமசுந்தர நாயகரிடம் சைவ சித்தாந்தம் தெளிந்தார். 1893இல் சௌந்தரவல்லி அம்மையாரை மணந்தார். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையின் நட்பும் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது.

1898ஆம் ஆண்டு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 21. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. அவருடைய புலமையைத் தேர்ந்து தெளிந்து தம்மோடு பணியாற்ற அழைத்துக்கொண்டவர், பின்னர்ப் பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட சூரியநாராயண சாத்திரியார். கல்லூரி அந்நாளில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, இன்று பாரிமுனை எனப்படும் இடத்தை ஒட்டி இருந்தது. துறைமுகமும் வணிகத் தெருக்களும் சூழ்ந்த அந்தப் பட்டணத்துப் பணியில் அடிகளின் 13 ஆண்டுகள் கழிந்தன.

வடசென்னைக்கும் அவருக்கும் உள்ள உறவுக்குச் சான்றாக ஒரு நூல் நிற்கிறது. அது 1900ஆம் ஆண்டில் வெளிவந்த திருவொற்றி முருகர் மும்மணிக்கோவை. நோயால் துன்புற்ற நாளில் ஒற்றியூர் முருகனை வேண்டிப் பாடியது என்பர். கொடுங்கையூரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள அத்திருக்கோயில், வள்ளலார் ஏழுகிணற்றுப் பகுதியிலிருந்து நாள்தோறும் நடந்து சென்று வழிபட்ட தலம் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வள்ளலாரின் நெறியே பிற்காலத்தில் அடிகளின் வாழ்வைத் திசைதிருப்பியது.

கல்லூரிப் பணிக்கிடையே முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரைகள் எழுதினார். சாகுந்தலத்தைத் தமிழில் பெயர்த்தார். 1902இல் ஞானசாகரம் என்னும் இதழைத் தொடங்கினார். 1905இல் சைவ சித்தாந்த மகாசமாசம் அமையக் காரணமாக இருந்தார். இந்நிலையில் சென்னைப் பல்கலைக்கழகம் தாய்மொழிப் பாடத்தைக் கட்டாயப் பகுதியிலிருந்து விலக்கியது. தமிழ் படிக்கும் மாணவர் தொகை சுருங்கியது. தமிழாசிரியர் தேவையும் சுருங்கியது. 1911இல் அடிகள் பணியை விட்டார். பரிதிமாற் கலைஞர் அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 33 வயதில் காலமாகியிருந்தார்.

மனைவியும் மக்களும் உடையவர், வேறு பணி தேடி நகரிலேயே இருந்திருக்கலாம். அவர் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து பல்லாவரத்துக்குக் குடியேறினார். பல்லவரின் குடைவரை கொண்ட அவ்வூரில்தான் 1863இல் இராபர்ட் புரூசு ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். படைக்குடியிருப்பும் குன்றுகளும் தூய காற்றும் உடைய அமைதியான ஊர். வெள்ளை அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியரும் நகர் நெரிசலுக்கு அஞ்சித் தங்கும் இடமாகவும் அப்பகுதி விளங்கிற்று. அதே ஆண்டில் அடிகள் துறவாடை பூண்டார். ஆயினும் குடும்பத்தைத் துறக்கவில்லை. காவியுடுத்தும் இல்லத்திலேயே வாழ்ந்த அந்நிலை அக்காலத்தார் பலருக்கு வியப்பாகவும் சிலருக்குக் குறையாகவும் தோன்றியது. வள்ளலார் கொள்கை வழியில் சமரச சன்மார்க்க நிலையத்தை அவ்வூரிலேயே நிறுவினார்.

சம்பளம் இல்லாத தமிழ்ப்புலவர் ஒருவர் நான்கு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் கொண்ட குடும்பத்தை எவ்வாறு நடத்துவது? நூல் விற்பனையும் இதழ்க் கட்டணமும் சொற்பொழிவுக்குப் பெற்ற பொருளுமே வழி. வள்ளல்களின் வாயிலில் நின்று பாடிப் பரிசில் பெறும் பழைய மரபை விடுத்து, எழுத்துக்கும் பேச்சுக்கும் உரிய விலையைத் தயங்காது கேட்டுப் பெற்றார். அதனால் பொருளாசை உடையவர் என்னும் பழியும் அவருக்கு வந்தது. தமிழையே தொழிலாகக் கொண்டு ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து வாழலாம் என்பதைச் செயலில் காட்ட அப்பழியை அவர் ஏற்க வேண்டியிருந்தது. தாமே நூல்களை அச்சிட்டார். இலங்கை வரை சென்று உரையாற்றினார். ஈட்டிய பொருளில் பெரும்பகுதி நூல்களாகவே இல்லத்தில் குவிந்தது.

1916ஆம் ஆண்டில் அவ்வில்லத்துத் தோட்டத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் செய்தியைத் தமிழ்கூறு நல்லுலகம் அறியும். வள்ளலார் பாடல் ஒன்றை மகள் நீலாம்பிகையோடு ஓதுகையில், தேகம் என்ற சொல் வந்த இடத்தில் யாக்கை என்ற சொல் நின்றால் எத்துணை இனிது என்று தந்தை எண்ண, இனித் தனித்தமிழிலேயே எழுதவும் பேசவும் வேண்டும் என்று மகள் கேட்க, இருவரும் உறுதி பூண்டனர். வேதாசலம் மறைமலை ஆயிற்று. ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. நீலாம்பிகை அம்மையார் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் தொகுத்து அகரவரிசை செய்து அவ்வுறுதிக்குக் கருவி தந்தார். பல்கலைக்கழகம் விலக்கிய மொழிக்குப் புறநகர் வீடொன்று புது வாழ்வு அளித்தது.

அடிகளின் வாழ்வில் முரண்கள் இல்லாமல் இல்லை. தனித்தமிழின் தந்தை தம் நாட்குறிப்பைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார். வேளாளர் நாகரிகம் எழுதிய கை, சாதி கடந்த பொதுநிலை பேசிய கழகத்தையும் நடத்தியது. ஆயினும் அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. 1931இல் நிகழ்ந்த கழகத்தின் 20ஆம் ஆண்டு விழாவில், கோயில்களில் எல்லார்க்கும் வேறுபாடின்றி இடம் வேண்டும், கலப்பு மணம் வரவேற்கத்தக்கது, பல்கலைக்கழகங்களில் தமிழ் கட்டாயப் பாடமாக வேண்டும் என்னும் தீர்மானங்கள் நிறைவேறின. 20 ஆண்டுகளுக்கு முன் தம் பணியைப் பறித்த முடிவுக்கு அது விடையாகவும் அமைந்தது.

அதே 1931ஆம் ஆண்டில்தான் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கிற்று. ஒதுங்கியிருந்த பல்லாவரம் நகரோடு நெருங்கியது. 1937இல் அடிகளின் பழைய கல்லூரியும் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது; அவர் சென்ற வழியிலேயே 26 ஆண்டுகள் கழித்து, அவர் ஊரையும் கடந்து சென்றது. அவ்வாண்டில் பள்ளிகளில் இந்தி புகுத்தப்பட்டபோது அடிகள் மீண்டும் நகர மேடைகளில் ஏறினார்; இந்தி பொதுமொழியா என வினவி நூல் எழுதினார். மகன் திருநாவுக்கரசு சிறை சென்றார். 1938இல் சென்னையில் கூடித் தந்தை பெரியாருக்கு அப்பட்டம் வழங்கிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நீலாம்பிகை அம்மையார். கடவுள் நம்பிக்கையில் பெரியாரோடு முரண்பட்ட குடும்பம், மொழிக்காக அவரோடு ஒரே களத்தில் நின்றது.

மக்கள் நூறாண்டு உயிர்வாழ்வது எப்படி என்று 1933இல் நூல் எழுதிய அடிகள், 1950ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தம் 74ஆம் வயதில் இயற்கை எய்தினார். தேடித் தொகுத்த ஏறத்தாழ 4000 நூல்கள் பல்லாவரத்து இல்லத்தில் எஞ்சின. சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அவற்றை ஏற்று, 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தது. அடிகள் கற்பித்த கல்லூரி நின்ற இடத்திலிருந்து அத்தெரு நடந்து செல்லும் தொலைவே. 1911இல் பட்டணத்தை விட்டுச் சென்றவர் நூல்களாகப் பட்டணத்துக்கே மீண்டார். பின்னாளில் அந்நூல்கள் கன்னிமாரா நூலகத்தில் இடம்பெற்றன.

அவர் கடந்து சென்ற அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் உள்ள பாலம் இன்று மறைமலையடிகள் பெயரைத் தாங்குகிறது. சென்னையின் நெரிசலைக் குறைக்கவெனச் செங்கற்பட்டுக்கு முன்னே அமைக்கப்பட்ட புதுநகரும் மறைமலைநகர் எனப் பெயர் பெற்றது. அங்கு வீடு வாங்கி மின்வண்டியில் வந்துபோவோருள் அப்பெயர்க்கு உரியவரை அறிந்தோர் சிலரே ஆகலாம். பகலெல்லாம் நகரில் உழைத்து, இரவுக்கு மட்டும் திரும்பும் இல்லமாகப் புறநகர் அவர்களுக்கு அமைந்தது. அடிகளுக்கோ அது உழைக்கும் களமாகவே இருந்தது. 39 ஆண்டுகள் அங்கிருந்தே எழுதி, அச்சிட்டு, நகரின் தமிழைத் திருத்தினார். பணிக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் வாழ்வில் கவிதைக்கென ஒரு நாழிகை தேடும் எவர்க்கும் பல்லாவரத்து அவ்வில்லம் துணையாய் நிற்கும்.