மட்டியாபுர்ஜ் மன்னர்

கல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் போகும் நம் மாணவர்கள் கப்பல் கட்டும் தளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். நானும் முதல் முறை அப்படித்தான் திரும்பினேன். மறுமுறை மட்டியாபுர்ஜில் உள்ள சிப்தைனாபாத் இமாம்பாராவுக்குள் நுழைந்தேன். அங்கே உறங்குபவர் அவத் நாட்டின் கடைசி மன்னர் வாஜித் அலி ஷா.

1822இல் பிறந்து 1847இல் அரியணை ஏறியவர். கவிஞர்; தும்ரி இசைக்கும் கதக் நடனத்துக்கும் புரவலர்; ராதை, கண்ணன் கதையை நாடகமாக எழுதி மேடையேற்றிய முஸ்லிம் அரசர். 1856இல் ஆட்சி சீர்கெட்டதென்று சொல்லிக் கும்பினியார் நாட்டைப் பறித்துக்கொண்டனர். முறையிடுவதற்காகக் கல்கத்தா வந்தார். மறு ஆண்டு கிளர்ச்சி மூளவே, வில்லியம் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1859இல் விடுதலை கிடைத்தது, லக்னோ கிடைக்கவில்லை. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் உபகாரச் சம்பளமும் ஹூக்ளிக் கரை நிலமுமே மிஞ்சின.

அந்தக் கரையில் அவர் மாளிகைகளோடு ஒரு விலங்குத் தோட்டமும் அமைத்தார். சிறுவயதில் அங்கு வாழ்ந்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் அதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். கம்பி வேலிக்குள் நம் நாட்டுப் புள்ளிமான்கள் கூட்டமாய்த் திரியும்; அவற்றின் நடுவே ஆப்பிரிக்க நெருப்புக்கோழியும் அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழியும் மயிலும் சாரசக் கொக்கும் உலவும். ஒட்டகச்சிவிங்கியும் இரட்டைத் திமில் ஒட்டகமும் இருந்தன. பாம்புகளுக்கென்று ஒரு செய்குன்று! அதைச் சுற்றி நீரோடை. அதில் விடும் தவளைகளைப் பாம்புகள் விரட்டிப் பிடிப்பதை மக்கள் நின்று பார்ப்பார்களாம். அரிய புறா இணையொன்றுக்கு 24,000 ரூபாய் கொடுத்தார் என்கிறார் ஷரர்.

ஊதாரித்தனம் என்பார் பலர். கணக்குப் பார்த்தால் உண்மைதான். ஆனால் எனக்கு அது கலையாகவே படுகிறது. நாடக மேடையை இழந்த கலைஞர், எந்த உயிர் எதன் அருகே நின்றால் அழகு என்று எண்ணி எண்ணி அமைத்த கடைசி மேடை அது. அவரும் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்தாமே?

வேலி எப்போதும் காக்கவில்லை. 1879இல் தப்பிய புலி ஒன்று ஆற்றை நீந்திக் கடந்து எதிர்க்கரைத் தாவரத் தோட்டத்துக்குள் புகுந்து ஊரையே நடுங்கவைத்தது. அரசர் உபகாரச் சம்பளம் உள்ளவரை தோட்டமும் இருந்தது. 1887 செப்டம்பரில் அவர் மறைந்தார், விலங்குகள் விற்கப்பட்டன, மாளிகைகளும் அழிந்தன.

இமாம்பாராவுக்குப் போகும் நண்பர்கள் ஆற்றங்கரை வரை நடந்து போங்கள். எதிரே தாவரத் தோட்டத்து மரங்கள் தெரியும். அந்தப் புலி நீந்திய தூரம் அவ்வளவுதான்.