அறவழிப் பொருளியல் கண்ட ஜே.சி. குமரப்பா

சோளிங்கரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் வாலாஜாப்பேட்டையைக் கடந்ததும் பாலாற்றின் அகன்ற மணற்பரப்பைக் காண்பர். வள்ளிமலைக் குகைகளில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்துத் திரும்பும் நம்மவர் பலரும் அறிந்த ஆறு இது. ஆண்டின் பெரும்பகுதி இவ்வாற்றில் நீர் ஓடுவதில்லை. ஆயினும் மணலுக்கடியில் நின்ற ஊற்றுநீர் பல தலைமுறைகளாக இருகரை நிலங்களையும் காத்து வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. நாட்டிற்கு அயல்நாட்டுச் செலாவணி கிடைத்தது. அதே காலத்தில் கிணறுகள் உவர்ந்தன. தென்னையும் நெல்லும் வாடின. வரவு ஏட்டில் ஏறியது. இழப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இவ்வாறு ஏட்டில் ஏறாத இழப்பையும் கணக்கில் கொள்ளாத பொருளாதாரம் நிலைத்து நிற்காது என்பதை, உலகம் உணர்வதற்கு முன்னரே உணர்ந்து கூறியவர் ஒரு தமிழர். கணக்காய்வையே தொழிலாகக் கொண்டு வாழ்வைத் தொடங்கியவர். அவரே ஜே.சி. குமரப்பா. பிறப்பால் கிறித்தவராயினும், உயிர்க்கு ஊறு செய்யாத பொருளீட்டலைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட அப்பெரியாரின் வரலாறு, சாவக அன்பர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டியதாகும்.

இளமையும் கல்வியும்

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கர்னேலியஸ் என்பதாகும். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். கட்டுப்பாடும் நேரந்தவறாமையும் தந்தையிடமிருந்தும், இரக்கமும் ஈகையும் தாயிடமிருந்தும் அவருக்கு வாய்த்தன. இலண்டன் சென்று கணக்காய்வுக் கல்வி பயின்று தேர்ந்த அவர், அங்கேயே சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர்த் தாயகம் திரும்பிப் பம்பாயில் கணக்காய்வாளராகத் தொழில் நடத்தினார். மேலை நாட்டு உடையும் பழக்கமும் கொண்ட செல்வ வாழ்வு அது.

1927இல் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகம் கற்றபின், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொருளியல் பயின்றார். இந்திய அரசின் வரவு செலவுகளை ஆராய்ந்தபோது அவர் உள்ளம் அதிர்ந்தது. ஏழை உழவரிடம் வரியாகப் பெற்ற பணம் அவர்தம் நலனுக்குச் செலவாகாமல் அயலாரின் படைக்கும் நிருவாகத்திற்கும் செல்வதை அவர் எண்களிலேயே கண்டார். பிறருடைய கணக்குகளைச் சரிபார்த்து வந்தவர், நாட்டின் கணக்கிலேயே பிழை இருப்பதை உணர்ந்தார். அயலாட்சிமீது பற்றுக் கொண்டிருந்த அவர் மனம் அன்றே மாறியது எனலாம்.

காந்தியடிகளுடன்

தாயகம் திரும்பிய அவர், தம் ஆய்வுரையைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பினார். 1929ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். சாணமிட்டு மெழுகிய தரையில், மரத்தடியில் அமர்ந்து இராட்டை சுற்றிக் கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு சற்று நேரம் நின்றார். அவரே காந்தியடிகள் என்றறிந்ததும், தம் மேலைநாட்டு உடையையும் பொருட்படுத்தாது தரையில் அமர்ந்தார். அன்று தொடங்கிய தொடர்பு இறுதிவரை நீடித்தது. அவ்வாய்வுரை காந்தியடிகளின் யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. கர்னேலியஸ் என்னும் பெயரை நீக்கிக் குமரப்பா என்னும் குடும்பப் பெயரை அவர் ஏற்றார். கதர் உடுத்தினார், தொழிலைத் துறந்தார்.

குசராத்து வித்தியாபீடத்தில் பேராசிரியரான அவர், மாணவர்களை அழைத்துக் கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் 54 சிற்றூர்களுக்கு வீடு வீடாகச் சென்று, உழவர்தம் வரவையும் செலவையும் குறித்தார். உப்பு அறப்போரின்போது யங் இந்தியா இதழை நடத்தியமைக்காகச் சிறை சென்றார். 1934இல் பீகாரை நிலநடுக்கம் தாக்கியபோது, துயர்துடைப்பு நிதியின் கணக்குப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கு வந்த காந்தியடிகளின் குழுவினருக்கு ஆகும் செலவையும் அந்நிதியிலிருந்து தர இயலாது என்று அவர் மறுத்தார். அடிகளும் அதனை ஏற்றார். பொதுப்பணம் பிறர் பொருள் என்று கருதிய கள்ளாமை நெறி அவரிடம் அவ்வளவு உறுதியாக விளங்கியது.

அதே ஆண்டில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. வார்தாவிலுள்ள மகன்வாடியில் அதன் செயலாளராக அமர்ந்த குமரப்பா, கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனை வெல்லம், கையால் செய்யும் காகிதம் முதலியவற்றை ஆராய்ந்து மேம்படுத்தினார். மண்ணெண்ணெய்க்கு மாற்றாக, உண்ணத் தகாத தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கு உருவாயிற்று. அவர் தொழில்நுட்பத்தை வெறுத்தவர் அல்லர். மனிதனுக்கும் மண்ணுக்கும் அடங்கிய நுட்பத்தையே நாடியவர் என்பதற்கு இவை சான்றாகும்.

சிறையில் பிறந்த நூல்

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தை அடுத்து மீண்டும் சிறைப்பட்ட குமரப்பா, அங்கே நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் தலைசிறந்த நூலை எழுதினார். அது 1945இல் வெளிவந்தது. இயற்கையை உற்று நோக்கி, பொருளீட்டும் முறைகளை அவர் ஐந்தாகப் பகுத்தார். புலி ஆட்டைக் கொன்று உண்பது முதல் வகை. இதில் பிழைப்பதற்காகவே பிறவுயிர் அழிகிறது. மாந்தோப்பில் புகுந்த குரங்கு, தான் நடாத மரத்தின் கனியை உண்பது இரண்டாம் வகை. பறவை தன் முயற்சியால் கூடு கட்டுவது மூன்றாவது. தேனீக்கள் தனக்கென எண்ணாது கூட்டத்திற்காக உழைப்பது நான்காவது. தாய் கைம்மாறு கருதாது மகவைப் பேணுவது ஐந்தாவது. தேனை விலக்கிய நாமும் தேனீயின் ஒற்றுமையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். மனித குலம் முதல் வகையினின்று ஐந்தாம் வகை நோக்கி ஏறுவதே முன்னேற்றம் என்பது அவர் முடிவு.

மற்றொரு பகுப்பும் அவர் செய்தார். நிலக்கரி, எண்ணெய், உலோகம் ஆகியவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கச் செல்வம். மழை, காடு, பயிர், கால்நடை ஆகியவை அளவோடு கொண்டால் மீண்டும் மீண்டும் வரும் ஓட்டச் செல்வம். தேக்கச் செல்வத்தின் மீது எழுப்பிய வாழ்வு, அது குறையும்போது சண்டையையும் போரையும் கொண்டுவரும் என்று அவர் எச்சரித்தார். அது மட்டுமன்று, ஒரு பொருளை வாங்குபவர், அது உண்டான முறையில் நேர்ந்த தீங்கிலும் பங்காளியே என்றும் வலியுறுத்தினார்.

விடுதலைக்குப் பின் காங்கிரசுக் கட்சியின் நிலச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை ஏற்று 1949இல் அறிக்கை அளித்தார். பெருந்தொழிலையே முன்னேற்றமாகக் கருதிய அந்நாளைய போக்கு அவர் சொல்லைச் செவிமடுக்கவில்லை. பின்னர் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் வாழ்ந்தார். இல்லறம் ஏற்காத அவர், 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் மறைந்தார். 1973இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற தம் நூலில் ஷூமாக்கர் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டபோதுதான், நம் நாட்டவர் பலர் அவரைத் திரும்பிப் பார்த்தனர். வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காத வளர்ச்சி வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அமைத்த ஆணையம் கூறியது 1987இல்தான்.

பாலாறு கூறும் சான்று

குமரப்பாவின் கருத்து வெறும் ஏட்டுக்கல்வியன்று என்பதற்கு நம் மாவட்டமே சான்று. முன்னாளில் இங்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. அவை ஓட்டச் செல்வம், ஆண்டுதோறும் தளிர்ப்பவை. அம்முறைக்குப் பல வாரங்கள் ஆகும். அதிலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கழிவுநீர் உண்டு. அதனைக் குற்றமற்றதென்று கூற இயலாது. ஆனால் 1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு நடுவண் அரசு வரம்பு விதித்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் ஊக்கிய பின், விரைந்து முடியும் குரோமிய முறை எங்கும் பரவியது. ஏற்றுமதி உயர்ந்தது, உப்போடு குரோமியமும் ஆற்றிலும் நிலத்திலும் சேர்ந்தது.

வேலூர் மக்கள் நல மன்றம் 1991இல் உச்சநீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வந்த தீர்ப்பு வரலாற்றுச் சிறப்புடையது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாயிற்று என்றும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும். தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்னும் இரு நெறிகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாயின. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆயினும் துயர் நீங்கவில்லை. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஓர் இரசாயன ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மலைபோல் கிடந்தது. 2006இல் உலகின் மிக மாசடைந்த இடங்களின் பட்டியலில் அவ்வூரின் பெயர் ஏறியது. 2015 சனவரி 31ஆம் நாள் அங்குச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர். 2025 சனவரியில் உச்சநீதிமன்றம் இழப்பீடு குறித்தும் பாலாற்றைச் சீர்செய்வது குறித்தும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. 29 ஆண்டுகளுக்குப் பின்னும் கணக்கு முடியவில்லை.

நம் கடமை

தோல் தொழில் நம் தொழிலன்று என்று கூறி நாம் ஒதுங்கிவிடலாகாது. வாங்குபவரும் பங்காளியே என்றார் குமரப்பா. நீரையும் நிலத்தையும் ஓரறிவுயிர்களாகக் கண்ட மரபு நம்முடையது. ஆற்றைக் கெடுத்தல் கொல்லாமைக்கு மட்டுமன்று, அடுத்த தலைமுறைக்குரிய நீரைக் கவர்வதால் கள்ளாமைக்கும் மாறானது. அதே வேளையில், ஆலைகளை இழுத்து மூடிவிட்டால் போதும் என்பதும் அறமாகாது; அவற்றை நம்பி நாள்தோறும் ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் பேருந்தேறும் மகளிரின் அடுப்பும் எரிய வேண்டும். தூய்மை செய்யும் செலவைப் பொருளின் விலையிலேயே சேர்ப்பதும், அவ்விலையைத் தர வாங்குவோர் இசைவதும், தேவைக்கு மேல் வாங்காதிருப்பதுமே வழி. மலிவு என்று நாம் மகிழும் பொருளின் மீதி விலையை எங்கோ ஓர் உழவன் தன் கிணற்று நீரால் செலுத்துகிறான்.

மிகுபொருள் விரும்பாமையை நம் முன்னோர் இல்லறத்தார்க்கு விரதமாக வகுத்தனர். அதனைப் பொருளியல் நூலாகவே எழுதி, அவ்வாறே வாழ்ந்தும் காட்டினார் வேறொரு சமயத்தில் பிறந்த குமரப்பா. இன்று நம் இல்லங்களில் கணக்காய்வாளராகவும் பொறியாளராகவும் உயர்ந்துள்ள இளைஞர்கள் பலர். அவர்கள் தாம் கையொப்பமிடும் ஏடுகளில், ஆற்றுக்கும் மண்ணுக்கும் நேரும் இழப்பு எங்கே எழுதப்பட்டுள்ளது என்று ஒருமுறையேனும் தேடிப் பார்ப்பார்களாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

அறம் வளர்க!