பிரித்துப் பார்த்துக் கற்ற மனிதர்

ஆழ்வார்பேட்டையின் உட்தெருக்களில் இன்னும் சில பழைய தனி வீடுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் முன்புறத்தில் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்பதைக் காணலாம். அம்பாசிடராகவோ, பிரீமியர் பத்மினியாகவோ, சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகவோ அது இருக்கும். தாத்தா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனம் வராது. ஓட்டலாம் என்றால் உதிரிபாகம் கிடைக்காது. அதன் என்ஜினைக் கழற்றிவிட்டு, மின்மோட்டாரைப் பொருத்தி, வீட்டுக் கொட்டகையிலேயே மீண்டும் உயிரூட்ட முடியுமா என்று கேட்கும் தலைமுறை ஒன்று உலகெங்கும் உருவாகியிருக்கிறது.

முடியும் என்பதே பொறியியலின் விடை. என்ஜின், பெட்ரோல் தொட்டி, ரேடியேட்டர், புகைக்குழாய் ஆகியவற்றை அகற்ற வேண்டும். கியர் பெட்டியையும் பின் அச்சையும் அப்படியே வைத்துக்கொண்டு, இடையில் ஓர் இணைப்புத் தகட்டைக் கடைந்து மோட்டாரைப் பூட்டலாம். மின்கலத் தொகுப்பு, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, மின்னேற்றி ஆகியவை சேர்ந்தால் வண்டி ஓடும். சட்டத்தின் விடை அத்தனை எளிதன்று. பொறியியல் சொல்லும் விடைக்கும் சட்டம் சொல்லும் விடைக்கும் இடையே உள்ள தொலைவைத் தம் வாழ்க்கையால் அளந்தவர் ஒருவர் தமிழகத்தில் இருந்தார். அவர் கோவை ஜி.டி. நாயுடு.

கோவை மாவட்டம் கலங்கல் என்னும் சிற்றூரில், 1893 மார்ச் 23 அன்று, உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளைத் தாண்டவில்லை. வயல்வெளியில் திரிந்துகொண்டிருந்த அந்த இளைஞரின் வாழ்வைத் திசைதிருப்பியது, ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுவதை அவர் அதற்கு முன் கண்டதில்லை. அதைத் தமதாக்கிக்கொள்ளும் ஆசையில் கோவைக்கு வந்து, ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் காசுக்குக் காசு சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் முதலில் செய்தது அதில் ஏறிச் சுற்றியதன்று. பாகம் பாகமாகப் பிரித்து மீண்டும் பூட்டியதுதான். பாடநூலும் ஆசிரியரும் இல்லாத அந்தப் பயிற்சியே அவருக்கு வாய்த்த பொறியியல் கல்லூரி. பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அங்கேதான் வேர் இருக்கிறது.

இடையில் பருத்தி வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய்ச் சந்தையில் அதை இழக்கவும் செய்தார். மீண்டும் இயந்திரத்திடமே திரும்பியவருக்குக் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். 1920-இல், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார் நாயுடு. உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே. அந்த ஒற்றை வண்டி யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1933 வாக்கில் அதனிடம் ஏறத்தாழ 280 பேருந்துகள் இருந்தன.

இந்தச் சமயத்தில் கொங்கு மண்டலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்துகொண்டிருந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து 1930-களின் தொடக்கத்தில் கோவைக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. ஆலைகள் பெருகின. மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் நீரிறைத்த உழவர்களின் கிணற்றடியிலும் மோட்டாருக்குத் தேவை பிறந்தது. ஆனால் மோட்டார்கள் அயல்நாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தன. பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து 1937-இல் அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுகிறது. இன்று நாடெங்கும் வயல்களுக்கு நீரிறைக்கும் கோவை மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் அதுவே முன்னோடி.

கிணற்றடி மோட்டாரோடு உள்ளங்கையில் அடங்கும் மோட்டாரும் அவர் பெயரோடு சேர்ந்தது. உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டாரைக் கொண்ட சவரக் கருவி ஒன்றை அவர் வடிவமைத்தார். ராசந்த் என்ற பெயரில் அது ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1941-இல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். சாமானியரின் கைக்கு எட்டும் விலை என்பது அவர் செய்த ஒவ்வொரு பொருளிலும் அடங்கியிருந்த நிபந்தனை.

கல்வியிலும் அவர் அதே வழியைத்தான் வலியுறுத்தினார். 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் தொழிற்கல்வி நிலையம் ஒன்றைக் கோவையில் தோற்றுவித்தார். பட்டறையில் கைப்பழக்கத்தோடு கற்பித்தால் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடிக்கலாம் என்பது அவரது நம்பிக்கை. அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அந்த நிலையத்தின் வழியில் வந்ததே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

விடுதலைக்குப் பின் வந்த மோதல் இதைவிடக் கடுமையானது. 1952-இல், இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் தர முடியும் என்று அவர் உருவாக்கிக் காட்டினார். தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. தொழில்களை ஒழுங்குபடுத்தும் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்தச் சட்டத்துக்கும் நியாயம் இருந்தது. அரிதான அந்நியச் செலாவணியைக் காக்க வேண்டும். பாகங்களைத் தருவித்துப் பூட்டி விற்கும் நிறுவனங்களுக்குப் பதிலாக உள்நாட்டிலேயே தயாரிப்போரை வளர்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் கோவையில் தம் பட்டறையில் காரைச் செய்து நிறுத்திய தனிமனிதரை எந்தப் படிவத்தில் அடக்குவது என்று அந்த ஏற்பாட்டுக்குத் தெரியவில்லை.

மனம் கசந்த நாயுடு, வரிவிதிப்பு முறையைக் கண்டித்து, தாம் உருவாக்கிய பொருள்கள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். அந்தச் செயலைப் போற்றுவதற்கில்லை. உழைத்துச் செய்ததைத் தானே உடைப்பது யாருக்கும் பயன் தராது. ஆயினும், பிரித்ததை மீண்டும் பூட்டுவதையே வாழ்வாகக் கொண்ட ஒருவர், பூட்ட முடியாதபடி உடைக்கும் நிலைக்கு வந்ததைக் கவனிக்காமல் கடந்துவிடவும் முடியாது.

1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தார். அவருடைய கருவிகளும், அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளை திரட்டிய பழைய கார்களும் கோவை அவிநாசி சாலையில் இன்றும் காட்சிக்கு உள்ளன. மின்சாரக் காரோடு சேர்த்து அவர் பெயர் பேசப்படுவதில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால், அதற்கு வேண்டிய மூன்றும் தனித்தனியே அவர் கைகளில் தவழ்ந்திருக்கின்றன: வண்டி, மோட்டார், மின்கலத்தில் ஓடும் கருவி. அவற்றை ஒன்றாக்குவதற்குத் தேவையான ஆற்றல்மிக்க மின்கலங்கள் அவர் காலத்தில் இல்லை, இன்று இருக்கின்றன.

இன்றைய விதிகள் என்ன சொல்கின்றன? ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை மின்சாரத்துக்கு மாற்ற, 2016-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழி வகுக்கப்பட்டது. மாற்றுத் தொகுப்பைத் தயாரிக்கும் நிறுவனம் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் அதற்கு ஒப்புதல் பெற வேண்டும். அனுமதி பெற்ற பணிமனையில் பொருத்த வேண்டும். பதிவுச் சான்றிதழிலும் மாற்றத்தைக் குறிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் நிறுவனத்துக்கு இது பொருந்தும். ஒரே ஒரு ஹெரால்டுக்காகத் தானே வடிவமைத்துக் கடைந்து பூட்டுபவருக்கு இதில் இடமில்லை. 2021-இல் வந்த விதிகளோ, 50 ஆண்டு கடந்தும் பெரிய மாற்றம் ஏதுமின்றி அசல் நிலையில் இருக்கும் வண்டிகளுக்கே பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவை அளிக்கின்றன.

கட்டுப்பாடே வேண்டாம் என்று இங்கே சொல்லவில்லை. காரை ஓட்டும் அளவுக்கு மின்னழுத்தம் கொண்ட மின்கலத் தொகுப்பு, கவனம் பிசகினால் உயிரைப் பறிக்கும். தரமற்ற மின்கலம் தீப்பற்றினால் அணைப்பது கடினம். நூறு கிலோவுக்கு மேற்பட்ட மின்கலச் சுமையைத் தவறான இடத்தில் ஏற்றினால், பழைய காரின் தடையும் சுருள்வில்லும் தாங்கா. நெரிசலான நகரச் சாலையில் அத்தகைய வண்டி ஓட்டுபவருக்கு மட்டுமன்றி எதிரே வருபவருக்கும் ஆபத்தாகும்.

ஆனால் சோதித்துப் பார்ப்பது வேறு. கதவையே வைக்காமல் சுவர் எழுப்புவது வேறு. நாயுடு பலமுறை பயணம் செய்த ஜெர்மனியில், மாற்றியமைத்த ஒற்றை வண்டியையும் தகுதிபெற்ற வல்லுநர் ஒருவர் சோதித்து ஏற்கவோ மறுக்கவோ செய்யும் நடைமுறை நெடுங்காலமாக உள்ளது. நம் பொறியியல் கல்லூரிகளிலும் பல்தொழில்நுட்பப் பயிலகங்களிலும் தடை, மின்காப்பு, எடைப் பகிர்வு ஆகியவற்றைச் சோதிக்கும் அறிவு இருக்கிறது. மண்டலத்துக்கு ஒன்றாக அத்தகைய சோதனைக் கூடங்களை ஏற்படுத்தி, உரிய கட்டணம் பெற்று, தனி வண்டிகளுக்குச் சான்றளிக்கச் செய்யலாம். மாற்றம் செய்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சட்டகத்தை வெட்டாமல், கழற்றிய என்ஜினைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், நாளை வேறொருவர் வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவர முடியும்.

ஆழ்வார்பேட்டையின் முதன்மைச் சாலை இன்று டி.டி.கே. சாலை எனப்படுகிறது. தொழில் உரிமமுறை வேரூன்றிய 1950-களில் மத்திய வணிக, தொழில் துறை அமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அந்தக் கால உரிமமுறையின் பெரும்பகுதியை நாடு பின்னர் கைவிட்டுவிட்டது. எஞ்சியிருப்பது, வீட்டுப் பட்டறையில் செய்ததை நம்பத் தயங்கும் பழக்கம் மட்டுமே. அந்தச் சாலையை ஒட்டிய தெருவொன்றில் தார்ப்பாயை விலக்கி, தாத்தாவின் காரைப் பிரித்துப் பார்க்கத் துணியும் இளைஞருக்கு நாம் தர வேண்டியது பாராட்டும் அன்று, தடையும் அன்று. அவர் செய்ததை நேர்மையாகச் சோதித்துச் சரியென்றோ தவறென்றோ சொல்லும் ஓர் இடம். நாயுடுவுக்கு அது கிடைக்கவில்லை.