ஏதுவை நாடிய மருத்துவர்

அளவை நூல் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மலையிற் புகையும், அப்புகையால் உணரப்படும் நெருப்பும் நெடுங்காலத் துணைவர். அவ்வெடுத்துக்காட்டைப் பலகாற் கூறிச் சலித்த யான், அதனோடு வேறொரு கதையையுஞ் சேர்த்துக் கூறி வந்தேன். 1854 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே வாந்திபேதி பரவிற்று. ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர் ஒரு தெருப் பம்பின் நீரே நோய்க்குக் காரணமெனக் கண்டார். பம்பின் கைபிடியைக் கழற்றுவித்தார். நோய் அன்றே நின்றது. இக்கதை மாணவர்க்கு இனித்தது. கூறிய எனக்கும் இனித்தது.

ஒருநாள் மாணவனொருவன் ஒரு தாளைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தான். அத்தெருவிலும் அயலிலும் நாடோறும் நோய்கண்டோர் தொகை அதிலே குறிக்கப்பட்டிருந்தது. செப்டெம்பர் முதலாந் திகதி 143 பேர். மூன்றாந் திகதி 54 பேர். கைபிடி கழற்றப்பட்ட எட்டாந் திகதி 12 பேர். கழற்றுமுன்னரே தணிந்துபோன நோயைக் கழற்றிய செயல் எங்ஙனம் நிறுத்திற்று என்று அவன் பணிவோடு வினவினான். என்னிடம் விடையில்லை. ஏதுவை ஆராயக் கற்பிக்கும் வகுப்பிலே, ஆராயாத கதையொன்றைப் பன்முறை கூறியவன் யானே என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலனாயிற்று. அத்தொகைகளைத் திரட்டி நூலில் அச்சேற்றியவர் ஸ்நோ அவர்களே என்பதைப் பின்னர் அறிந்தபோது என் நாணம் இருமடங்காயிற்று. அவர் வரலாற்றை முதலிலிருந்து பயின்றேன். பயின்றவற்றுள் வேண்டுவனவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

ஸ்நோ 1813 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15 ஆந் திகதி, இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க் நகரிலே பிறந்தார். தந்தையார் ஒரு கூலித் தொழிலாளி. பிள்ளைகள் ஒன்பதின்மருள் மூத்தவர் இவர். பதினான்காம் வயதில் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றார். பதினேழாம் வயதிற் புலாலுணவை ஒழித்தார், மதுவையும் விலக்கினார். 1831 ஆம் ஆண்டில் வாந்திபேதி இங்கிலாந்தினுள் முதன்முறை புகுந்தபோது, பதினெட்டு வயதினரான அவர், கிலிங்வேத் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு மருத்துவஞ் செய்ய அனுப்பப்பட்டார். சுரங்கத்தினுள்ளே மலசலகூடம் இல்லை. கை கழுவ வசதியில்லை. கொண்டுசென்ற உணவை அக்கைகளாலேயே தொழிலாளர் உண்டனர். இளமையிற் கண்ட இக்காட்சி பின்னாளில் அவர் எழுதிய நூலிலும் இடம்பெற்றது.

1836 இல் இலண்டன் சேர்ந்த அவர், 1844 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேரறிஞர் பட்டம் பெற்றார். ஈதர், குளோரபோம் ஆகிய மயக்க மருந்துகளை எவ்வளவு கொடுத்தல் தகுமென அளந்து ஆராய்ந்து, அத்துறையிற் புகழ்பெற்றார். 1853 இல் விக்ரோறியா மகாராணியார் மகப்பேற்றின்போது குளோரபோம் கொடுத்தவர் இவரே. வறிய குடியிற் பிறந்த ஒருவர் இவ்வுயர்வோடு அமைந்திருத்தல் கூடும். ஆயின் வாந்திபேதியின் ஏது யாதென்னும் வினா அவரை விடவில்லை.

அக்காலத்து அறிஞரிற் பெரும்பாலோர், அழுகிய பொருள்களினின்று எழும் தீய காற்றே நோயை விளைப்பதென்று கொண்டனர். அவர்கள் கையில் வெறும் ஊகமன்றி எண்களும் இருந்தன. பிறப்பு இறப்புப் பதிவகத்தில் புள்ளிவிவரத் துறையைக் கவனித்த வில்லியம் பார் என்னும் அறிஞர், 1848–49 இல் இலண்டனில் வாந்திபேதியால் இறந்தோரை நிலத்தின் உயரத்துக்கேற்பப் பகுத்துக் கணித்தார். தேம்ஸ் நதியின் நீர்மட்டத்துக்கு மேல் 20 அடிக்கு உட்பட்ட தாழ்நிலங்களில் 10,000 பேருக்கு 102 பேர் இறந்தனர். 20 முதல் 40 அடி வரையான இடங்களில் 65 பேர். 40 முதல் 60 அடி வரையான இடங்களில் 34 பேர். நிலம் உயர உயர இறப்புக் குறைந்தது. தாழ்விடத்தே தீய காற்றுத் தேங்குமாதலின், காற்றே ஏதுவென அவர் துணிந்தார்.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். பார் பொய்யரல்லர், அவர் எண்களும் பொய்யல்ல. கணக்கு மெய், அதிலிருந்து பெற்ற முடிபு பிழை. மணிமேகலையில் அறவணவடிகள் உரைக்கும் அளவை நெறியிலே ஏதுப்போலி என்பதொன்றுண்டு. ஏதுப்போலத் தோன்றி ஏதுவாகாதது அது. தாழ்நிலத்து மக்களிற் பலர் நகரக் கழிவெல்லாம் கலந்த கீழ்த்தேம்ஸ் நீரைக் குடித்தனர். உயரமும் நீரும் ஒருங்கே நின்றன. கண்ணுக்குத் தெரிந்த உயரத்தைக் கணக்கர் கண்டார். அதன் பின் நின்ற நீரைக் கண்டிலர். பொய்க்கணக்கை மறுத்தல் எளிது. மெய்க்கணக்கிலிருந்து பிறந்த பொய்ம்முடிபை மறுத்தல் மிக அரிது.

ஸ்நோ வேறிடத்திலிருந்து தொடங்கினார். காற்றின் வழிப் புகும் நோயாயின் நுரையீரலையன்றோ முதலிற் பற்றுதல் வேண்டும்? இந்நோயோ குடலிலே தொடங்குகின்றது. ஆதலின் வாய்வழியே புகுதல் வேண்டுமெனக் கருதி, நோயாளியின் கழிவு கலந்த நீரே அதனைப் பரப்புவதென 1849 இல் ஒரு சிறுநூல் எழுதினார். அதனை ஏற்றோர் சிலரே.

1854 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், இலண்டன் சோகோ பகுதியின் புறோட் வீதியிலும் அதன் அயலிலும் நோய் திடீரென மூண்டது. முடிவில் 616 பேர் மாண்டனர். ஸ்நோ அவ்வீதிப் பம்பின் நீரை எடுத்துச் சோதித்தார். நீர் ஏறக்குறையத் தெளிவாகவே இருந்தது. அதனைக் கண்டு அவரே தயங்கினார். காட்சி துணைசெய்யாதவிடத்து அநுமானத்தை நாடினார். பதிவகத்திலிருந்து, அவ்வாரம் அப்பகுதியில் இறந்த 83 பேரின் விவரத்தைப் பெற்று வீடுவீடாகச் சென்றார். அவர்களுள் 73 பேர் அப்பம்பிற்கு அருகே வாழ்ந்தவர்; அவர்களில் 61 பேர் அந்நீரைக் குடித்தவர். ஆறு பேர் குடிக்கவில்லையென்று அறிந்தார். எஞ்சிய ஆறு பேரைப்பற்றி ஒன்றும் அறியக்கூடவில்லை. அவ்வாறே எழுதி வைத்தார். தமக்குச் சாதகமாக அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்ட பொருளுக்கு இயையும் சான்றைத் தேடுதல் எவர்க்கும் இயல்பு. ஸ்நோவின் பெருமை, இயையாச் சான்றுகளைத் தேடிச் சென்றமையிலே உளது. பம்பிற்கு அணித்தாயிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் நெருக்கமாக வாழ்ந்தனர். சுற்றிலும் சாவு சூழ்ந்திருக்க, அங்கே இறந்தோர் ஐவரே. காரணம் வினவியபோது, விடுதிக்குத் தனிக்கிணறு உண்டென்றும், புறோட் வீதி நீரை அவர்கள் எடுப்பதில்லையென்றும் தெரிந்தது. அதே வீதியிலிருந்த மதுவடிசாலையில் 70 பேருக்கு மேற் பணிபுரிந்தனர். ஒருவரும் அந்நோயால் இறந்திலர். அவர்கள் தமக்களிக்கப்பட்ட மதுவையே பருகினர், பம்பினருகிற் சென்றாரல்லர்.

இதற்கு மறுதலையாக, பல கல் தொலைவிலுள்ள ஹாம்ஸ்ரெட் என்னும் இடத்திலே முதிய பெண்மணி ஒருவர் வாந்திபேதியால் இறந்தார். அங்கே வேறெவர்க்கும் அந்நோயில்லை. முன்னாளிற் புறோட் வீதியில் வாழ்ந்த அவர், அந்நீரின் சுவையை விரும்பி, நாடோறும் வண்டியிலே ஒரு போத்தல் நீரை வருவித்துக் குடித்து வந்தாரென்பது விசாரணையில் வெளிப்பட்டது. அவரைக் காணவந்து அந்நீரைப் பருகிய உறவுப் பெண்ணும் இஸ்லிங்ரன் என்னுந் தம்மூருக்கு மீண்டு இறந்தார்.

சிவஞானசித்தியாரின் அளவையியலைக் கற்றோர்க்கு இது புதிதன்று. உள்ளவிடத்து உண்மை காட்டுதல் அந்நுவயம். இல்லாதவிடத்து இன்மை காட்டுதல் வெதிரேகம். ஹாம்ஸ்ரெட் மூதாட்டியின் வீட்டிலே புறோட் வீதியின் காற்று இல்லை, நீர் இருந்தது, நோயும் இருந்தது. ஏழைகள் விடுதியிலே காற்று இருந்தது; நீர் இல்லை; நோய் அரிதாயிற்று. நாம் ஏட்டிற் படித்துத் தேர்வெழுதி மறந்தவற்றை, அவர் சாவு நடந்த வீடுகளின் வாயில்களிலே நின்று செய்துகாட்டினார்.

செப்டெம்பர் 7 ஆந் திகதி மாலை, அப்பகுதி நிருவாகசபையார் முன் தம் சான்றுகளை அவர் வைத்தார். மறுநாட் கைபிடி கழற்றப்பட்டது.

அதே ஆண்டில், தென் இலண்டனிலே இதனினும் பெரிய ஆராய்ச்சியொன்றை அவர் நிகழ்த்தினார். அங்கே ஒரே வீதியின் வீடுகளுக்கு இரு கொம்பனிகள் நீர் வழங்கின. லம்பெத் கொம்பனி 1852 இல் தன் நீரெடுக்கும் இடத்தை நகரக் கழிவு எட்டாத மேற்றேம்சுக்கு மாற்றியிருந்தது. சவுதாக்–வொக்சோல் கொம்பனியோ நகர எல்லையிலேயே எடுத்தது. செல்வர் வறியர், மேடு பள்ளம், காற்று, தொழில் என்பனவெல்லாம் இருபாலார்க்கும் ஒன்றே. நீர் மாத்திரம் வேறு. மூன்று இலட்சம் மக்கள் தாமறியாமலே இரு கூறாகப் பிரிந்திருந்தனர். பல வீட்டார்க்குத் தம் கொம்பனியின் பெயரே தெரியவில்லை. கீழ்த்தேம்ஸ் நீரில் உப்பு மிகுதியாதலின், நீரைச் சோதித்து உப்பின் அளவால் அவர் வேறுபாடறிந்தார். முதல் ஏழு வாரங்களில் சவுதாக்–வொக்சோல் நீர்பெற்ற 40,046 வீடுகளில் 1,263 பேர் இறந்தனர். லம்பெத் நீர்பெற்ற 26,107 வீடுகளில் 98 பேர். பத்தாயிரம் வீட்டுக்கு முன்னையது 315, பின்னையது 37.

ஆயினும் உலகம் உடனே இசையவில்லை. சுகாதார சபையின் அறிவியற் குழு, 1855 இல் அவர் முடிபைத் தள்ளிற்று. ஹென்றி வைற்ஹெட் என்னும் இளந்துறவி, அப்பகுதி மக்களிடையே இரவுபகலாகப் பணிபுரிந்தவர். பம்பின்மீது பழி கூறுதல் தவறென உறுதியாக நம்பி, அதனை மறுக்கவே விசாரணை தொடங்கினார். இறந்தோரை மட்டுமன்றிப் பிழைத்தோரையும் அவர் தேடி வினவினார். வினவ வினவ அவர் எண்ணமே மாறிற்று. பம்பையடுத்த 40 ஆம் இலக்க வீட்டிலே, கொள்ளை மூளுவதற்குச் சில நாள் முன்னர் ஒரு பச்சிளங் குழந்தை பேதியுற்றதையும், அதன் துணிகளை அலசிய நீர் கழிவுக்குழியிற் கொட்டப்பட்டதையும் அவரே கண்டுபிடித்தார். தோண்டிப் பார்த்தபோது, குழியின் செங்கற்கட்டு இற்றிருந்தது. கிணற்றுக்கும் அதற்கும் இடையே மூன்றடியும் இல்லை. மறுக்கப் புகுந்தவர் முதற்சான்றாளரானார். தம் எண்ணத்தினும் உண்மையை மேலாகக் கொண்ட அத்துறவியாரையும் நாம் வணங்குதல் தகும்.

இனி, என் மாணவன் வினாவுக்கு வருகின்றேன். கைபிடி கழற்றியதால் நோய் நின்றதென ஸ்நோ கூறவேயில்லை. மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஓடியமையால் நோய் முன்னரே குறைந்ததென்றும், நீரில் நஞ்சு அப்போதும் இருந்ததோ நீங்கிற்றோ எனத் துணிதல் கூடாதென்றும் அவர் எழுதினார். வெற்றியைத் தமதெனக் கூறிக்கொள்ளத் தக்க வேளையிலே, தம் கையிலிருந்த எண்கள் அதற்கு இடந்தரவில்லையென்று சொன்னவர் அவர். ஆயின் கழற்றியது வீண்செயலோ? அன்று. கழற்றிய அதே நாளில், அக்குழந்தையின் தந்தையாரும் நோயுற்றார், பின்னர் இறந்தார். அவர் கழிவும் அக்குழியையே சேர்ந்தது. கைபிடி இருந்திருப்பின் இரண்டாவது கொள்ளை மூண்டிருத்தல் கூடும். மூண்ட தீயை அணைத்ததாக யான் கூறிய செயல், மூளவிருந்த தீயைத் தடுத்திருத்தல் கூடும் என்பதே சான்றுகள் தரும் முடிபு.

தம் நூலின் இரண்டாம் பதிப்பை ஸ்நோ 1855 இல் வெளியிட்டார். 200 பவுணுக்கு மேற் செலவாயிற்று. அத்தனை ஷில்லிங்கும் மீளவில்லை. 1858 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆந் திகதி, 45 ஆம் வயதில், மணவாழ்வை மேற்கொள்ளாமலே மறைந்தார். 1866 இல் கிழக்கிலண்டனில் நோய் மீண்டும் மூண்டபோது, வில்லியம் பார் தம் பழைய முடிபைக் கைவிட்டு, நீரே ஏதுவெனத் தம் கணக்காலேயே காட்டினார். 1884 இல் றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் கல்கத்தாவிலே நோய்க்கிருமியைப் பிரித்தறிந்தார். காணாத கிருமியை முப்பது ஆண்டு முன்னரே கருதலளவையாற் கண்ட மருத்துவர் அதனைக் காண உயிரோடில்லை.

கிணற்று நீரை நம்பி வாழும் நம்மனோர்க்கு இவ்வரலாறு அயலதன்று. எனினும் யான் இதனை எழுதியது நீரைப்பற்றி எச்சரித்தற்கன்று. எண்கள் இன்று எத்திசையிலிருந்தும் நம்மேல் வந்து விழுகின்றன. அவை யாரை எண்ணின, யாரை எண்ணாது விட்டன, முன்னது எது, பின்னது எது என்று கேளாதவழி, மெய்யெண்ணும் நம்மைப் பொய்யிற் சேர்க்கும். இனிய கதை மிகவும் சேர்க்கும்.

இப்பொழுதும் அக்கதையை வகுப்பிற் கூறுகின்றேன். கதைக்குமுன் அம்மாணவன் தந்த தாளிலுள்ள திகதிகளையும் தொகைகளையும் கரும்பலகையில் எழுதிவிடுகின்றேன். எழுதியபின், கைபிடி எந்நாளிற் கழற்றப்பட்டதென்பதை மாத்திரஞ் சொல்லி, சிறிது நேரம் வாளா இருக்கின்றேன்.