மாண்டிசோரி அம்மையார்

பல நர்சரி பள்ளிகளின் போர்டில் மாண்டிசோரி என்று எழுதியிருக்கும். அது ஒரு அம்மாவின் பெயர் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மரியா மாண்டிசோரி 31.8.1870 அன்று இத்தாலி நாட்டில் பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமான காலம் அது. அவர் விடாமல் படித்து 1896-ல் டாக்டர் ஆனார்.

ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் வாழ்ந்த பகுதி. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகள் சுவரில் கிறுக்கிக்கொண்டு திரிவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக 6.1.1907 அன்று 'குழந்தைகள் வீடு' என்ற பள்ளியைத் தொடங்கினார்.

ஒரு நாள் சத்தம் இல்லாமல் மூக்கு சிந்துவது எப்படி என்று கைக்குட்டையை வைத்துச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, கை தட்டினார்கள்! ஏன் தெரியுமா? மூக்கு ஒழுகுது என்று அவர்களை ஏசுவதற்குத்தான் ஆள் இருந்தது. மரியாதையாகச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

அவர் வகுப்பில் 3 வயது முதல் 6 வயது வரை எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு பிள்ளை வைத்து முடிக்கும்வரை அடுத்த பிள்ளை பிடுங்காம காத்திருக்கணும். இப்படிக் காத்திருந்தே, நம்மைப் போல மற்றவருக்கும் ஆசை உண்டு என்று பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். இதற்குத் தனியாக பாடம் எதுவும் நடத்தவில்லை.

1939-ல் அவர் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதால் ஆங்கிலேய அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அம்மாவின் 70-வது பிறந்தநாளுக்குப் பரிசாக மகனை விடுதலை செய்தார்கள். பிறகு கொடைக்கானலில் தங்கியபோதும் பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்தே கற்பித்தார். 6.5.1952 அன்று நெதர்லாந்து நாட்டில் காலமானார்.

நண்பர்களே, நம்ம ஊரிலும் அம்மா வேலைக்குப் போனால் அக்காதானே தம்பியைப் பார்க்கிறாள்? பள்ளியிலும் நாம் அப்படித்தான். சத்துணவு வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நாம் தள்ளினால், அது தள்ளுவதற்குப் படிக்கும். நாம் வழி விட்டால், நாளைக்கு அதுவும் இன்னொரு பிள்ளைக்கு வழி விடும். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் மட்டுமல்ல, நாமும் பாடம்தான்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி